ஆறு ஆம்பியர்

"கையைக் குடுப்பா! நீ மட்டும் இல்லன்னா இந்நேரம் மோட்டார் கருகிப்போயிருக்கும்!"

லைனில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மச்சினனின் கையை மேனேஜர் பிடித்துக் குலுக்கியபோது, பக்கத்தில் நின்ற ஃபியூஸ் அண்ணனுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. அந்த அட்டைப்பெட்டி கம்பெனியில் சீனியர் எலெக்ட்ரீஷியன் அவர். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் அப்படியொரு பட்டப்பெயர்.

மச்சினன் என்றால் இவருடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, மேனேஜர் கையைக் காலைப் பிடித்து இங்கே சேர்த்துவிட்டதே இவர்தான். இப்போது காலியாகக் கிடக்கும் சூப்பர்வைசர் நாற்காலிக்கு இவர் பெயரோடு அவன் பெயரும் அடிபட்டது.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு. "என் தம்பி கை வச்சா எந்த மெஷினும் ஓடும்ங்க" என்பாள் மனைவி, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே. "அவன் சூப்பர்வைசர் ஆனா உங்களுக்கும் பெருமைதானே?" அந்தச் சோறு எப்படித் தொண்டைக்குள் இறங்கும்? பொறாமைதான். அதை அவர் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

அதனால்தான் போன வாரம் அந்தக் காரியத்தில் இறங்கினார். மச்சினன் பொறுப்பில் இருக்கும் கன்வேயர் மோட்டாருக்குப் பேனலில் ஓர் ஓவர்லோடு ரிலே உண்டு. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால், உள்ளே இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகுவதற்குள் அது லைனை நிறுத்திவிடும். எட்டு ஆம்பியரில் இருந்த அதன் திருகை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, டெஸ்டர் நுனியால் ஆறுக்குத் திருப்பிவைத்தார்.

அவ்வளவுதான். ஒரு குறையும் இல்லாத மோட்டார், ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பொசுக்கென்று நின்றது. மச்சினன் வேர்த்து விறுவிறுத்து மோட்டாரைக் குடைந்துகொண்டிருக்க, இவர் பேனலைத் திறந்து திருகைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், "இப்போ போடுப்பா" என்றார். லைன் ஓடியது. மச்சினன் முகம் தொங்கிப்போனது. பார்க்கப் பார்க்க இவருக்கு அத்தனை குளிர்ச்சி! இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவையும் செய்தார்.

இன்று காலையும் அப்படித்தான். ஆனால் லைன் நின்று இவர் வந்து சேர்வதற்குள், மேனேஜர் பேனலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"பேரிங் இறுகிப்போச்சு" என்று எல்லோருக்கும் விளக்கினார் மேனேஜர். "ரிலே எட்டுல இருந்திருந்தா டிரிப் ஆகி லைன் நிக்கறதுக்குள்ள காயில் போயிருக்கும். ஆறுல இருந்ததால தப்பிச்சோம். முன்கூட்டியே குறைச்சு வைக்கணும்னு தோணுச்சு பாருங்க, அதுதான் மூளை!"

ஃபியூஸ் அண்ணன் மோட்டார் பக்கம் நகர்ந்தார். திருகியது இவர் கை, குலுக்கப்படுவது அவன் கையா? அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டார். இறுகிப்போன மோட்டார் என்கிறார்கள், தொட்டால் சுடக்கூட இல்லை. சுட்டதெல்லாம் இவர் வயிற்றைத்தான்.

"நான் குறைக்கல சார்" என்றான் மச்சினன், குனிந்த தலை நிமிராமல்.

"நீ இல்லையா? அப்போ யாரு?" மேனேஜர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "யாரா இருந்தாலும் சரி, சூப்பர்வைசர் ஆக வேண்டிய ஆளு அவர்தான்."

ஃபியூஸ் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். சட்டென்று நிமிர்ந்த மச்சினன், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். 'பாரேன், நாற்காலி கை நழுவுதுன்னதும் பயலுக்குப் பொறுக்கலையே!' என்று இவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

"நான்தான் சார் குறைச்சேன்."

"நீங்களா?"

"எனக்கு அந்த பேரிங் சத்தமே சரியாப் படல சார். எதுக்கும் இருக்கட்டும்னு காலையில ஆறுக்குத் திருப்பி வச்சேன். இவன்கிட்டச் சொல்லலாம்னுதான் பார்த்தேன். சின்னப் பையன், பயந்துடுவான்னு விட்டுட்டேன்."

"மாமா..." என்று மச்சினன் வாயெடுத்தான்.

"நீ சும்மா இருப்பா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல?"

"போன வாரம் ரெண்டு தடவை லைன் நின்னுச்சே, அப்பவும் நீங்கதான் குறைச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் மேனேஜர், ரொம்ப மரியாதையாக.

"பின்னே, வேற யாருக்கு சார் அந்த நெளிவுசுளிவு தெரியும்?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார் ஃபியூஸ் அண்ணன். வீட்டில் மனைவி முகம் போகப்போகும் போக்கு இப்போதே கண் முன்னால் தெரிந்தது.

மேனேஜர் திருகை எட்டுக்குத் திருப்பினார். ரீசெட்டை அமுக்கிவிட்டுப் பச்சைப் பட்டனைத் தட்டினார். பேரிங் இறுகியதாகச் சொன்ன மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓட ஆரம்பித்தது. பெட்டிகள் வரிசையாக நகர்ந்து போயின.

அவர் மச்சினன் பக்கம் திரும்பினார்.

"உங்க மாமாவா இருக்கவே இருக்காதுன்னு அடிச்சு சத்தியம் பண்ணினியேப்பா!"