படகை வலம் வந்த கன்று

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. பிள்ளைச்சாவடி மீனவன் ஒருத்தனோட படகை ஒரு கடல் பசுக் கன்று வலம் வந்த கதை இது. சின்னக் கதைதான், கையில இருக்கிற காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

"நீ மட்டும் போய் வாங்கிக்கினு வா. எனக்குப் பொன்னாடையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று போட்ட சட்டையைக் கழற்றப் போனான் சுப்ரமணி.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ரஞ்சிதம் புருஷன் கையைத் தட்டிவிட்டு, பொத்தானைத் தானே மாட்டிவிட்டாள்.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்கண்ணன் இப்டித் தலை குனியல அண்ணி!" என்று வாசலில் நின்று சிரித்தாள் நாத்தனார் செல்வாம்பாள். "வெக்கம் இப்பதான் வருது, பாரு."

ரஞ்சிதமும் சிரித்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு வேறு பயம். கூடப்பிறந்த தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். இன்றைக்கு மேடையில் சுப்ரமணியைக் கடல் பசுக் காவலராக வனத்துறை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கரையில் இருந்து பார்க்கிற வேலை. எப்படியாவது இவனைக் கரையேற்றிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தள்ளுமுள்ளு.

போன மாதம் நடந்தது அது. நம் பக்கம் கண்ணில்கூடப் படாத கடல் பசு, தெற்கே இருந்து எப்படியோ வழி தப்பி வந்து, தனியாகத் தொழிலுக்குப் போன சுப்ரமணியின் வலையில் சிக்கிவிட்டது. பால்குடி மறக்காத கன்று. அவன் வலையை அறுத்து அதை விடுவித்ததை, கொஞ்சம் தள்ளி இன்னொரு படகில் போய்க்கொண்டிருந்த சிலம்பரசன் செல்லில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

அன்றைக்கு சுப்ரமணி வெறும் படகோடு வீடு திரும்பினான். மொத்த வலையையும் அறுத்துக் கடலிலேயே விட்டிருந்தான்.

"கன்னு சிக்குன எடத்த மட்டும் அறுத்தா ஆவாதா? முழு வலையையுமா வுட்டுட்டு வருவ?" என்று கேட்டாள் ரஞ்சிதம்.

"பதட்டத்துல அறுத்துட்டேன். வுடேன்" என்றான். சோற்றில் கை வைக்கவில்லை. இளகின மனசு, அதான் இப்படி என்று அவளும் விட்டுவிட்டாள்.

பாராட்டு விழா நடந்த உப்பளம் ஊர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெரிய திரையில் அந்தப் படத்தை ஓடவிட்டார்கள். வலையை அறுக்கிற சுப்ரமணியின் கை தெரிந்தது. அப்புறம் விடுபட்ட கன்று தெரிந்தது. அது போகவில்லை. படகைச் சுற்றி வந்தது. அந்தப் பக்கம் போய் மறைந்து, இந்தப் பக்கம் வந்து மூச்சுவிட்டு, மறுபடியும் சுற்றியது.

"அடியாத்தா, வலம் வருதுடி!" என்று பின்வரிசையில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். செல்வாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுப்ரமணி மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்த தலை குனிந்தபடி, தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி அன்பழகன் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, "இவரு மாதிரி ஆளுங்கதான் எங்களுக்குக் காவலரா வேணும். அண்ணே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்.

சுப்ரமணி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அண்ணனுக்குக் கூச்சம். சரி, அண்ணி பேசட்டும்."

மைக் ரஞ்சிதத்தின் கைக்கு வந்தது. "எனக்கு இன்னா சார் பேசத் தெரியும்? மீன் கூவி விக்கத்தான் தெரியும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு மொத்த வலையையும் இழந்து அந்த உசுரக் காப்பாத்துனாரு. அது வாயில்லா ஜீவன். வாய் இருந்தா சொல்லியிருக்கும். இல்லாததால சுத்திச் சுத்தி வந்து நன்றி சொல்லுச்சு. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே போட்டுக்குக் கற்பூரம் ஏத்தினேன் சார். அந்தக் கன்னு இந்நேரம் அவங்கம்மாகூட எங்கயாவது நல்லா மேஞ்சுக்கினு இருக்கும்..."

கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. சுப்ரமணி எழுந்து வந்தான். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை. அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

ஒருவழியாகக் கூச்சம் விட்டது என்று ரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் எடுக்கிறவர்களுக்கு வாகாக அவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"அது எனக்கு வலம் வரல ரஞ்சிதம்... போட்டுக்கு அந்தாண்ட, நம்ம வலையில, அதோட அம்மா செத்துத் தொங்குச்சு."

உங்க வீட்டுப் பிள்ளைங்க கூப்பிட்ட கொரலுக்கு எப்பவும் அம்மா ஓடி வரணும் கண்ணுங்களா, நல்லா இருங்க.