இரண்டு பேர் ஏறும் படகு

துடுப்புப் படகில் இரண்டே இருக்கைகள். வந்திருப்பதோ மூன்று பேர்.

"அத்தை, நீங்க வாங்க" என்று முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்ட மருமகள் கையை நீட்டினாள்.

லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக்கொண்டிருந்த புது மாப்பிள்ளை, அதைத் தளர்த்தத் தொடங்கினான்.

படகுத்துறையில் நின்றிருந்த வேன் ஓட்டுநருக்கு வயிறு எரிந்தது.

தீவைச் சுற்றிக் காட்டுவதே பன்னிரண்டு வருடமாக அவர் பிழைப்பு. தேனிலவு ஜோடிகளை அவர் பார்க்காததா? வந்த அன்றே சண்டை போட்டு ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்தவர்கள் உண்டு. செல்ஃபியிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் உண்டு. மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்த ஜோடி இதுதான் முதல்.

மூன்று நாளாக அந்த அம்மாதான் சிவபூஜையில் கரடி.

அருவியில் மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நனைந்தாள். கண்ணாடித் தரை போட்ட படகில் பவளப்பாறையையும் நீல மீன்களையும் அவருக்குத்தான் காட்டிக் காட்டிச் சிரித்தாள். மாப்பிள்ளை மூன்று ஜோடிச் செருப்புக்கும் காவல்.

பையன் முகம் கோணவில்லை. "அம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்று அவனும் அவரையே கவனித்தான். சரியான அம்மா பிள்ளை என்று ஓட்டுநர் முடிவு கட்டிவிட்டார்.

நாளைக் காலை விமானம். இந்த அலையாத்திக் காடுதான் கடைசி இடம்.

அந்த அம்மா மருமகளின் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

"முட்டி பிடிச்சுக்கிச்சும்மா. மடக்கி உட்கார முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

நேற்று கலங்கரை விளக்கத்தின் நூற்றெண்பது படிகளை எல்லோருக்கும் முன்னால் ஏறிய முட்டி அது. ஓட்டுநர் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஏறினான். படகு ஆடியது. மருமகள் எழுந்திருக்கப் போனாள்.

அவள் எழுவதற்குள் அந்த அம்மா படகின் விளிம்பில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் மருமகள் திரும்பிப் பார்த்தாள். போ, போ என்று அவர் கையசைத்தார்.

இன்னும் கொஞ்ச தூரம். மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் கையசைத்தார்.

கால்வாய் வளையும் இடத்தில் இருவர் துடுப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தண்ணீர் தெறித்தது. அவன் என்னவோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படியே படகு வேர்களுக்குள் மறைந்தது. இந்தத் தடவை அவள் திரும்பவில்லை.

தூக்கிய கையை அந்த அம்மா மெல்ல இறக்கிக்கொண்டார்.

ஓட்டுநருக்கு வாய் சும்மா இருக்குமா?

"உங்க பையன் குடுத்து வச்சவர்மா. மாமியார்கிட்ட இப்படி ஒட்டிக்கிற பொண்ணு யாருக்குக் கிடைக்கும்?"

"அவரு என் பையன் இல்லப்பா." அவர் கண்ணைக் கால்வாயிலிருந்து எடுக்கவில்லை. "என் பையன் போய் மூணு வருஷம் ஆச்சு. இவரை நான்தான் தேடிப் பிடிச்சு அவளுக்குக் கட்டி வச்சேன். நீங்க வந்தாதான் நானும் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. அதான் வந்தேன்."

ஓட்டுநர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

படகை வாடகைக்கு எடுத்திருந்த அரை மணி முடிந்தது. திரும்பி வரச் சொல்ல, துறையில் நின்ற படகுக்காரர் விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

ஓட்டுநர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.