பெல்ட் இல்லாத கிரைண்டர்

"ஏலே இசக்கி, மார்க்கைப் போடு. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போற?"

உமாதேவி அதட்டியதும் இசக்கிராஜா தாளைக் குனிந்து பார்த்தான். கோவில்பட்டியில் பத்துப் பேர் வேலை பார்க்கும் கிரைண்டர் பட்டறை அது. உமாதேவிதான் முதலாளி. இசக்கிராஜா வரைபடமும் போடுவான், கிரைண்டர் கெட்டுப்போனால் ஊர் ஊராகப் போய் ரிப்பேரும் பார்ப்பான்.

புது மாடலில் கல்லைச் சுற்ற ரப்பர் பெல்ட்டா, பல்சக்கரமா என்று முடிவு செய்ய உட்கார்ந்திருந்தார்கள். மண்ணுக்கும் கேடு வராமல், வாங்கினவர்களுக்கும் வருசக்கணக்கில் உழைக்கிற மாதிரி பொருள் செய்ய, உமாதேவி ஒரு பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்த முறைப்படி மார்க் போட்டார்கள். ஐந்து கேள்விகள். எந்தச் சாமானில் செய்தது, எவ்வளவு கரண்ட் இழுக்கும், எத்தனை வருசம் உழைக்கும், கெட்டால் சரிசெய்ய முடியுமா, தூக்கிப் போட்டால் எங்கே போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

பல்சக்கரம் ஜெயித்துக்கொண்டே போனது. பத்து வருசத்துக்குக் கழட்ட வேண்டாம், குப்பையில் ரப்பரும் சேராது. உமாதேவிக்குச் சந்தோசம். இசக்கிராஜாவோ பெல்ட்டுக்கு ஒரு மார்க்காவது கூட்ட முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தான்.

காரணம் பசுவந்தனையில் இருந்தது. அங்கே சோலைச்சாமியின் மகள் முத்துசெல்வி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை அவள் கிரைண்டரில் பெல்ட் போய்விடும். "அறுந்துட்டு" என்று அவள் போன் போட்டால் போதும், இவன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். பெல்ட் மாட்டப் போகிறவனுக்கு எதற்குச் சலவைச் சட்டை?

போய் என்ன பேசிக் கிழித்தான் என்றால், ஒன்றும் இல்லை. அவள் மோர் கொண்டுவந்து வைப்பாள். "சரியாயிட்டா?" என்பாள். "ஆயிட்டு" என்பான். அதற்குள் சோலைச்சாமி ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்து நின்றுவிடுவார். அந்த ஒரு 'சரியாயிட்டா'வை நினைத்து நினைத்தே அடுத்த ஒன்றரை மாசத்தை ஓட்டுவான். குமரிப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் ஸ்பானர் பை இல்லாமல் போய் நிற்க முடியுமா? என்ன சோலியாக வந்தாய் என்று ஊரே கேட்குமே.

புது மாடல் வந்தால், பழசை மாற்றிக் கொடுக்கும் முதல் வீடு அவள் வீடுதான். அங்கேதான் தொல்லை அதிகம் என்று உமாதேவி சொல்லிவிட்டாள். அப்புறம் பத்து வருசத்துக்கு அந்தப் பக்கம் போக வேலையே இருக்காது. அதற்குள் அவளை எவனாவது கட்டிக்கொண்டு போய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்திருப்பான்.

"அக்கா, பல்சக்கரம் சத்தம் போடும்" என்று இழுத்தான். போடாது என்றாள். கனம் கூடும் என்றான். கூடினால் என்ன, தலையில் சுமந்துகொண்டா அரைக்கிறார்கள் என்றாள். வேறு வழியில்லாமல் மார்க்கைப் போட்டான். பல்சக்கரத்துக்கு நாற்பத்திரண்டு, பெல்ட்டுக்கு இருபத்தாறு. ஏழு தடவை போனோமே, ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று தன்னையே வைதுகொண்டான்.

முறையில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. கெட்டுப்போன பாகங்களை மேஜையில் பரப்பி, எது எதனால் கெட்டது என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கழட்டிக் கொண்டுவந்த பழைய பெல்ட்டுகளை இசக்கிராஜா ஊர்ப்பெயர் எழுதிக் கட்டி வைத்திருந்தான். உமாதேவி ஒவ்வொரு கட்டாகப் பிரித்தாள். எட்டயபுரம், சூட்டில் வெடித்தது. எப்போதும்வென்றான் கிராமத்துக் கட்டு, தேய்ந்து நைந்தது. பசுவந்தனைக் கட்டைப் பிரித்தவள், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இசக்கிராஜாவைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணு கூட தேயலையேலே. அந்தப் பிள்ளை ஏழையும் கத்தி வச்சுல்லா வெட்டியிருக்கா. ஏழு தடவை போயிருக்க, அங்கன பெல்ட்டைப் பாக்காம வேற எதைலே பாத்துக்கிட்டு இருந்த?"