ஐந்து கிலோ

அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். முட்டியால் அவர் முட்டிக்கு முட்டுக்கொடுத்தாள். மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு.

கட்டிலிலிருந்து கக்கூஸ் நாற்காலிக்கு. ஒரு நாளைக்கு ஆறு முறை. புருஷன் பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருஷம் ஆகிறது.

இன்று முதுகு அவ்வளவாக வலிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் எலும்பு முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். டாக்டர் சின்னப் பெண். சீட்டைப் பார்த்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள்.

“எலும்பெல்லாம் அரிச்சுப் போயிருக்கும்மா. அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கிராதீங்க. முதுகெலும்பு நொறுங்கிரும்.”

தலையாட்டிவிட்டு வந்தாள். வேறு என்னத்தைச் சொல்ல? அவரை அஞ்சஞ்சு கிலோவாகப் பிரித்தா தூக்க முடியும்?

அவளும் படுத்துவிட்டால் இரண்டு பேரையும் தூக்க நாதி கிடையாது. அந்தப் பயம் ஒன்றுதான் அவளை நிற்க வைத்திருந்தது.

வீட்டில் எந்தச் சீட்டு வந்தாலும் காலண்டர் ஆணியில்தான் செருகுவாள். கரண்டு பில், கேஸ் ரசீது, எல்லாம். பழக்கதோஷத்தில் முகாம் சீட்டையும் செருகிவிட்டாள்.

காலண்டர் அவர் கட்டிலுக்கு நேர் எதிரே தொங்குகிறது. பாரம் தூக்கக்கூடாது, 5 கிலோ என்று டாக்டர் சிவப்பு மையில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள்.

பொழுதன்றைக்கும் அவர் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து பாதிச் சோற்றில் வாயை மூடிக்கொண்டார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தாள். ரசம் வைத்தாள். ஓமத்தண்ணீர் வைத்தாள். அதட்டியும் பார்த்தாள்.

இன்றும் மூன்றாவது வாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னதான் செய்யுது உங்களுக்கு? பசியே இல்லையா?”

கோணிய வாய் மெல்ல அசைந்தது.

“பசிக்கத்தான் செய்யுது. இப்ப தூக்க… கொஞ்சம் லேசா இருக்கா?”

காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

லேசாகத்தான் இருந்தது.

தட்டோடு அடுப்படிக்குப் போனாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆறுதலாக இருந்ததே என்றுதான் அதிகம் அழுதாள்.

மறுநாள் மத்தியானம், அவர் போதும் என்று சொல்வதற்கு முன்னால், தட்டில் அவளே ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள்.