சிவப்பின் முறை

ஒலெக் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி நின்றான்.

ஒரே கணினியில் இருவர் மாறி மாறிப் போர் விளையாட்டு ஆடும்போது, ஒருவன் முறையில் மற்றவன் அறையில் இருக்கக் கூடாது. அண்ணன் மாரியூஷ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போர் இசையை உரக்க வைத்திருந்தான். சுட்டியின் சத்தத்தை வைத்தே தம்பி நகர்வைக் கண்டுபிடித்துவிடுவானாம்.

அரை மணி நேரம் ஆயிற்று.

நாலு மணிக்குப் பேருந்து என்று அண்ணன் சொல்லியிருந்தான். அயர்லாந்தில், மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. எப்போது திரும்புவான் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆறு வருடமாக ஆடுகிறார்கள். அண்ணன் சிவப்பு, ஒலெக் நீலம். எதிரியின் கோட்டையைப் பிடிப்பவனுக்கே வெற்றி. நீலம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இன்று ஜெயிக்கும். ஒலெக் தன் கோட்டையைத் துடைத்துக் காலி செய்துவிட்டான். கடைசி வில்லாளிவரை கூட்டிக்கொண்டு, சதுப்பு நிலத்தைச் சுற்றி, அண்ணனின் கோட்டையை நெருங்கிவிட்டான். அவரவர் படை நிற்கும் இடம் தவிர மற்றதெல்லாம் இருள் மூடிய வரைபடத்தில் அண்ணனுக்கு அது தெரிய வழியில்லை.

இன்னும் ஒரே ஒரு முறை வந்தால் போதும். அதுதான் வரவில்லை.

“டேய், முட்டையா போடற உள்ள? முடிச்சுத் தொலைடா.”

இசைதான் பதில் சொன்னது.

“கத்தாத,” என்றாள் அம்மா. “தோக்கப் போறவன் நாலு தடவ யோசிக்கத்தான் செய்வான். நீ இதோட ஓரத்த அழுத்து, வாயப் பொளக்குது.”

ஒலெக் பியரோகியின் ஓரத்தை அழுத்தினான். மாவு கிழிந்து உருளைக்கிழங்கு பிதுங்கியது. அடுத்ததும் கிழிந்தது.

வேண்டுமென்றே இழுக்கிறான். பேருந்து நேரம்வரை உட்கார்ந்திருப்பான். ஆட்டம் முடியவில்லையே என்று சிரித்துக்கொண்டே எழுவான். தோற்காமலே ஊரைவிட்டுப் போய்விடுவான்.

மூன்றரை.

அம்மா பியரோகியை வெந்நீரிலிருந்து அரித்தெடுத்தாள். மேசையில் தட்டுகளை வைத்தாள்.

இரண்டு.

ஒலெக் தட்டுகளைப் பார்த்தான். பிறகு அம்மாவை.

“பஸ் மூணு மணிக்கேடா,” என்றாள் அவள், வெண்ணெயை உருக்கிக்கொண்டே. “வழியனுப்பறதெல்லாம் அவனுக்கு ஆகாது.”

அவன் போய் அறைக் கதவைத் தள்ளினான். இசை முழங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி. கட்டிலடியில் இருந்த பையைக் காணவில்லை.

திரையில் இன்னும் சிவப்பின் முறைதான். அண்ணன் அதை முடிக்கவில்லை.

அவனுடைய வரைபடத்தை ஒலெக் முதல்முறையாகப் பார்த்தான். தன் கோட்டையை அதில் தேடினான். ஆளில்லாத அந்தக் கோட்டையின் வாசலில், மூன்று டிராகன்களோடு சிவப்புப் படை நின்றிருந்தது.

படையைச் சொடுக்கிப் பார்த்தான். இந்த முறைக்கான நடை முழுதாக மிச்சமிருந்தது.

வாசலுக்கு ஓர் அடி.