பதினாறு ஆச்சரியக்குறிகள்

“திங்கக்கிழமை நான் முதலாளிக்கு அனுப்பின மெயிலை நிறுத்தி வெச்சது யாரு?”

மேனேஜர் வாசலில் நின்றபடியே கேட்டார். கையில் மெயில் சர்வர் அனுப்பியிருந்த அறிவிப்பின் நகல். சர்வர் அறையில் வேலை பார்ப்பவன் ஒரே ஒருவன்தான். ஆகவே ‘யாரு’ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

“நான்தான் சார்.”

மேனேஜர் அவனுடைய அக்காவின் கணவர். வீட்டில் மாமா, ஆபீசில் சார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இது போனால் அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் கூடவே போகும்.

அவன் தட்டுத் தடுமாறி விளக்கினான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தவர் அனுப்பும் மெயில் என்றால், நம்ம ஆள்தானே என்று சர்வர் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். போன மாதம் கிடங்கு கிளார்க்கின் பாஸ்வேர்டை எவனோ திருடி, அவர் பெயரில் ஊருக்கெல்லாம் வழுக்கைத் தலை மருந்துக்கு விளம்பரம் அனுப்பிவிட்டான். ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் யாருடைய சர்வரும் கம்பெனி மெயிலை ஏற்கவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை முதல் நம்ம ஆட்கள் மெயிலையும் விளம்பரக் குப்பையா என்று சோதிக்கும்படி மாற்றியிருந்தான்.

மேனேஜர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“என் மெயில்ல அப்படி என்ன தப்பு?”

அவன் திரையைப் பார்த்தான். உள்ளே இருப்பதை அவன் படிக்கவில்லை, படிக்கவும் கூடாது. சர்வர் போட்ட மார்க்கும் அதற்கான காரணமும் மட்டும் தெரிந்தன.

“அஞ்சு மார்க் தாண்டினாலே நிறுத்திடும் சார். உங்களுது பதினொண்ணு. எல்லாமே கேப்பிடல் எழுத்து. அப்புறம், பதினாறு ஆச்சரியக்குறி.”

“அப்ப முதலாளி பார்க்கவே இல்லையா?”

“ஒரு எழுத்துகூடப் போகல சார்.”

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவன் மன்னிப்புக் கேட்டான். இனிமேல் மேனேஜர் மெயிலுக்கு மட்டும் சோதனை இல்லாமல் செய்துவிடுவதாகச் சொன்னான். பதற்றத்தில் அவனுக்கு ஆபீஸ் மறந்து போனது.

“தப்புதான் மாமா. இதோ, இப்பவே அனுப்பிடறேன்” என்று மவுஸை நகர்த்தினான்.

மேனேஜர் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கையை எடு மாப்பிள்ளை, அது நான் கோவத்துல எழுதின ராஜினாமா. முதலாளி இன்னிக்குக் காலையிலதான் என்னை ஜெனரல் மேனேஜர் ஆக்கியிருக்கார். அதை அழிச்சிட்டு, அந்தச் சோதனையை என் மெயிலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடு.”