பூ ஓயும் வரை

“இந்தத் தொட்டியில பூ ஓஞ்சதும் சின்னவன் வீட்டுக்குப் போயிடறேன்” என்று அம்மா அவனிடம் சொல்லி மூன்று மாதமாகிவிட்டது.

அவன் மனைவி வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிடும்.

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்பாள் அம்மா.

“பஸ்ஸை நானா ஓட்டறேன்?” என்பாள் மனைவி.

“ஒரு சீசன் செடிதானே, இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோ” என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. செடியோ ஓய்கிற வழியாயில்லை. வாடிய பூவை யாரோ உடனுக்குடன் கிள்ளிவிட, பக்கத்திலேயே புது மொட்டு. மண்ணில் உர வாசனை.

“ஏம்மா, போக மனசில்லேன்னா சொல்லிட வேண்டியதுதானே? எதுக்குத் திருட்டுத்தனமா உரம் போடறே?”

“நானா? குனிஞ்சா எழுந்திருக்க முடியல எனக்கு. பெட்டி கட்டி வெச்சு ஒரு மாசமாச்சு.”

மறுநாள் காலை ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடி தொட்டியருகே குந்தியிருந்தாள் மனைவி. கையில் உர பாட்டில்.

“நீயா? உனக்குத்தான் அம்மாவைக் கண்டாலே ஆகாதே.”

அவள் நிமிராமல் மூடியைத் திருகினாள்.

“ஆகாதுதான். ஆனா நான் ஏன் லேட்டுன்னு கேக்க இந்த வீட்ல வேற யாரு இருக்கா?”